வெந்நீர்க் கலமும் பெங்களூரு நீரும்

(உரைநடைப் பாடம்)

கர்நாடகத்தில் தீபாவளித் திருநாள் நீரில் தொடங்குகிறது. நரக சதுர்த்தசிக்கு முந்தைய மாலையை அங்குள்ளோர் ‘நீரு தும்புவ ஹப்ப’ என்பர். நீர் நிரப்பும் விழா என்பது அதன் பொருள். ‘பச்சலு மனெ’ எனப்படும் குளியலறையில், அடுப்பின்மேல் பதித்த ‘ஹண்டெ’ என்னும் பெரிய செப்புக் கொப்பரையைப் புளியிட்டுத் துலக்கி, பொட்டிட்டுப் பூச்சூட்டி, புதுநீர் நிரப்பி வைப்பர். மறுநாள் விடியலில் அந்நீரைக் காய்ச்சியே எண்ணெய்க் குளியல் நடைபெறும். பெங்களூருவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தம் வெந்நீர்த் தவலைக்கும் இதே மரியாதையைச் செய்து வந்தன.

விழாவின் அழகுக்குள் ஒரு பராமரிப்பு விதி மறைந்திருந்தது. வெந்நீர் காயும் கலத்தை ஆண்டுக்கு ஒரு முறையேனும் உள்ளும் புறமும் துலக்கவேண்டும் என்பதே அது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் களிம்பையும், நீர் விட்டுச் சென்ற வெண்ணிறப் படிவையும் கரைக்கும் இயல்புடையது. இன்று கொப்பரை இருந்த இடத்தில் வெள்ளை நிற உருளை ஒன்று சுவரில் தொங்குகிறது. மக்கள் அதனைக் ‘கீசர்’ என்கின்றனர். அதற்குப் பொட்டிடுவாரும் இல்லை. அதனைத் திறந்து பார்ப்பாரும் அரியர். வெந்நீர் வராத நாளில்தான் அது நினைவுக்கு வருகிறது.

கீசர் என்னும் சொல் நெடுந்தொலைவிலிருந்து வந்தது. ஐஸ்லாந்து நாட்டில் நிலத்தைப் பிளந்து பீறிட்டெழும் வெந்நீர் ஊற்று ஒன்றின் பெயர் அது. இலண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் 1868-ஆம் ஆண்டு எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கருவியை அமைத்து, அதற்கு இப்பெயரைச் சூட்டினார். மின்சாரக் கீசர் அதற்குப் பின் வந்தது. பெங்களூருவுக்கோ மின்சாரம் காவிரியிலிருந்து கிடைத்தது. 1902-ஆம் ஆண்டு சிவனசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் முதலில் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அங்குச் சுரங்கங்களில் உழைத்தோருள் பெரும்பகுதியினர் தமிழர். 1905-இல் அம்மின்சாரம் பெங்களூருவின் தெருக்களில் விளக்கேற்றியது. 1974-இல் காவிரியின் நீரும் குழாய் வழியே நகரை அடைந்தது. ஆற்றின் நீரை ஆற்றின் ஆற்றலாலேயே காய்ச்சும் பேறு இந்நகர வீடுகளுக்கு வாய்த்தது.

கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேல் அமைந்த ஊர் பெங்களூரு. மார்கழி, தை விடியல்களில் வெப்பம் 15 செல்சியசு அளவுக்கு இறங்குவது இயல்பு. ஆகவே வெந்நீர் இங்கு ஆடம்பரப் பொருளன்று. குழந்தையும் முதியோரும் உள்ள வீட்டில் அது அன்றாடத் தேவை.

சேமிப்பு வகைக் கீசரின் உள்ளமைப்பு எளிமையானது. உள்ளே எஃகுத் தொட்டி. அதனைச் சுற்றி வெப்பம் வெளியேறாமல் காக்கும் நுரைப்பொருள். அடிப்பகுதியில் நீரைச் சூடாக்கும் வெப்பச் சுருள். கடைக்காரர் இச்சுருளை ‘எலிமென்ட்’ என்பார். நீர் குறித்த வெப்பநிலையை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது பழுதுற்றால் மின்சாரத்தைத் துண்டிக்க இரண்டாம் காவலாக ‘கட்-அவுட்’ ஒன்று உண்டு. குளிர்நீர் அடியில் நுழையும். வெந்நீர் மேற்பகுதியிலிருந்து வெளியேறும். சூடான நீர் இலேசாகி மேலெழும் என்னும் இயற்கை விதியே இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை.

அதன் செலவைக் கணக்கிடுவதும் கடினமன்று. ஒரு லிட்டர் நீரின் வெப்பத்தை ஒரு செல்சியசு உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 25 லிட்டர் நீரை 20 செல்சியசிலிருந்து 60 செல்சியசுக்கு உயர்த்த 4,200 கிலோஜூல் தேவை. ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூலுக்குச் சமம். எனவே ஒரு தொட்டி வெந்நீருக்கு ஏறக்குறைய 1.2 யூனிட் செலவாகும். 2,000 வாட் திறனுள்ள கீசர் இவ்வேலையை 35 நிமிடங்களில் முடிக்கும். இக்கணக்கை நினைவில் கொள்ளுதல் நலம். 35 நிமிடம் 50 நிமிடமானால் கீசர் ஏதோ சொல்ல முயல்கிறது என்று பொருள்.

பெரும்பாலும் அது சொல்வது உப்பைப் பற்றியே. காவிரி நீர் வரும் வீடுகளில் இத்தொல்லை குறைவு. நகரின் புறப்பகுதிகளோ நெடுங்காலமாக ஆழ்துளைக் கிணறுகளையும் தண்ணீர் லாரிகளையும் நம்பியிருந்தன. பாறைப் பிளவுகளில் ஆண்டுக்கணக்கில் தங்கிய நீர், சுண்ணாம்பும் மெக்னீசியமும் கரைந்த கடின நீராக மாறியிருக்கும். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நன்று என்றும், வேறு நீர் இல்லாதவிடத்து 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ளது. கடின நீர் குளிர்ந்திருக்கும்போது தெளிவாகவே தோன்றும். சூடாக்கினால் அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட்டு சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படியும். சர்க்கரை வெந்நீரில் மிகுதியாகக் கரையும். இப்படிவோ வெப்பம் ஏற ஏற மிகுதியாக வெளிப்படும். நீர் எங்கு மிகச் சூடாகிறதோ அங்கேயே, அதாவது வெப்பச் சுருளின் மேலேயே, அது ஓடு கட்டுகிறது. அந்த ஓடு வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. சுருள் தன் வெப்பத்தை நீருக்குக் கொடுக்க இயலாமல் தானே வெந்து, ஒருநாள் வெடிப்புற்று அறுந்துபோகிறது. அதற்கு முன்பே உலை கொதிப்பது போன்ற களகள ஒலி உருளையிலிருந்து கேட்கத் தொடங்கும். அந்த ஒலியைக் கேட்டதும் பழுதுநீக்குபவரை அழைக்கும் வீட்டார் சுருளைக் காப்பாற்றுவர். ஒலியைப் பொருட்படுத்தாதோர் புதுச் சுருள் வாங்குவர்.

2024-ஆம் ஆண்டு அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்டு, நாள்தோறும் 775 மில்லியன் லிட்டர் கூடுதல் நீருக்கு வழி பிறந்தது. மாநகராட்சியோடு இணைந்த 110 சிற்றூர்களின் பொருட்டு வகுக்கப்பட்ட திட்டம் அது. இணைப்புப் பெற்ற வீட்டில் குடிநீர்க் குடத்தோடு கீசரும் பயன் அடையும்.

தொட்டிக்குள் இன்னோர் ஊழியன் உண்டு. வாங்குவோருள் பலர் அவனை அறியார். அவன் மெக்னீசியத் தண்டு. எஃகைவிட மெக்னீசியம் விரைவில் அரிமானத்துக்கு ஆட்படும். ஆதலால் நீர் முதலில் தண்டைத் தின்னும், தொட்டியை விட்டுவைக்கும். இக்கருத்தை 1824-இல் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில அறிவியலாளர் போர்க்கப்பல்களில் சோதித்தார். கப்பலின் செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தபோது செம்பு அரிக்கப்படவில்லை. ஆனால் அரிக்கப்படாத செம்பில் நஞ்சு கசியாமையால் கடற்சிப்பிகள் அதன்மேல் கூட்டமாய்க் குடியேறிக் கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. கடற்படை அம்முறையைக் கைவிட்டது. கீசருக்குள் சிப்பிகள் இல்லை. டேவியின் முறை அங்கே பழுதின்றிப் பணி செய்கிறது. தண்டு முற்றும் கரைந்தபின் மாற்றாவிட்டால் அடுத்த இரை தொட்டிதான்.

எதனைப் பழுது பார்ப்பது, எப்போது கீசரையே மாற்றுவது என்னும் வினாவுக்கு விடை இவ்விடத்தில் கிடைக்கிறது. சுருள், தெர்மோஸ்டாட், கட்-அவுட், இரப்பர் வளையம், மெக்னீசியத் தண்டு ஆகிய யாவும் மாற்றத்தக்கவை. தொட்டி மாற்றத்தக்கதன்று. உருளையின் உடலிலிருந்து நீர் கசிந்தால், வெந்நீரில் துருவின் செந்நிறம் தொடர்ந்து தென்பட்டால், உள்தொட்டி ஓட்டையாகியிருக்க வாய்ப்பு மிகுதி. ஓட்டைத் தொட்டிக்கு ஒட்டுப்போடுவது வீண் செலவு. கசிவு குழாய் இணைப்பிலா, உடலிலா என்பதைத் துணியால் துடைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளவேண்டும். பத்து ரூபாய் வளையம் தேய்ந்ததற்காகப் புதுக் கீசர் வாங்கியோர் இல்லாமல் இல்லை.

உப்பு அகற்றுவது பயிற்சி உடையவர் செய்யவேண்டிய பணி. மின்சாரத்தை முதன்மை இணைப்பிலேயே நிறுத்தி, நீர் ஆறியபின் தொட்டியை வடித்துவிட்டுச் சுருளைக் கழற்றுவர். சிட்ரிக் அமிலக் கரைசலிலோ வினிகரிலோ அதனை ஊறவைத்தால் ஓடு நெகிழ்ந்து உதிரும். புளியும் ஹண்டெயும் செய்த வேதியியல்தான் இது. கத்தியால் சுரண்டினால் சுருளின் மேலுறை காயப்படும். கழிவறை கழுவும் கடும் அமிலத்தைத் தொட்டிக்குள் ஊற்றுவது அதைவிடத் தீங்கு. கடின நீர் உள்ள வீட்டில் ஆண்டுக்கொரு முறை இப்பணி வேண்டும். திரும்பப் பொருத்தியபின் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று நீங்கி நீர் சீராக வரும்வரை காத்திருந்து, பின்னரே மின்விசையை அழுத்தவேண்டும். வெற்றுத் தொட்டியில் சுருள் சில நிமிடங்களில் கருகிவிடும்.

இனி, உயிரைப் பற்றிய செய்தி. 20 செல்சியசில் உள்ள 25 லிட்டர் நீர் 60 செல்சியசை அடையும்போது ஏறத்தாழ 380 மில்லிலிட்டர் பெருகும். அப்பெருக்கத்துக்கு வழிவிடுவதற்காகவே அடியில் பாதுகாப்பு வால்வு வைத்துள்ளனர். சூடேறும்போது அதிலிருந்து சில துளிகள் சொட்டுவது பழுதன்று. அதனை ஒழுகல் என்று எண்ணி அடைப்பான் வைத்து மூடுவோர், கலத்தை வெடிகலமாக மாற்றுகின்றனர். அடுக்குமாடியில் மற்றொரு செய்தியும் உண்டு. மேல்தொட்டியிலிருந்து 10 மீட்டர் கீழே இறங்கினால் நீரழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் கூடும். எனவே உயர்ந்த கட்டடத்தின் கீழ்த்தளங்களில் அழுத்தம் மிகுதி. புதுக் கலம் வாங்குவோர் அது தாங்கும் அழுத்தத்தை அட்டையில் பார்த்தே வாங்கவேண்டும்.

2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை ஈர்க்கும். 6 ஆம்பியர் பிளக் அதற்குப் பொருந்தாது. 16 ஆம்பியர் மூன்றுமுனை இணைப்பும் செம்மையான எர்த் கம்பியும் வேண்டும். குழாயைத் தொடும்போது மெல்லிய சுரீர் உணர்வு தோன்றினால், ‘சிறிதுதானே’ என்று குளியலைத் தொடரலாகாது. சுருளின் உறை வெடித்து மின்சாரம் நீருக்குள் கசிந்திருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி மின்பலகையில் இருந்தால் அதுவே உயிர்க்காவலன்.

எரிவாயுக் கீசர் கணப்பொழுதில் வெந்நீர் தரும், விலையும் குறைவு. மூடிய குளியலறைக்குள் அதனைப் பொருத்துவதோ பெருந்தீங்கு. காற்றில் ஆக்சிசன் குறையும்போது எரிவாயு அரைகுறையாய் எரிந்து கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, குருதியின் ஹீமோகுளோபினோடு ஆக்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் பிணையும். குளிப்பவர் தலைசுற்றலை உணரும் முன்பே நினைவிழக்கக் கூடும். பெங்களூருவில் இவ்வகையில் உயிரிழந்தோர் பற்றிய செய்திகள் நாளேடுகளில் மீண்டும் மீண்டும் வந்துள்ளன. குளிர்காற்றுக்கு அஞ்சிச் சாளரத்தை அடைக்கும் மாதங்களிலேயே இவ்விடர் மிகுதி. அடுப்பைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்து, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொணர்வதே தகும்.

மொட்டைமாடிகளில் நிற்கும் சூரிய வெந்நீர் அமைப்புகள் பெங்களூருவின் தனி அடையாளம். காலை வேளையில் எல்லா வீட்டுக் கீசர்களும் ஒருங்கே இயங்குவதால் மின்தேவை திடீரென உயரும். அதனைத் தணிக்கக் கர்நாடக அரசு 2007-இல் புதுக் கட்டடங்களுக்கு இவ்வமைப்பைக் கட்டாயமாக்கியது. பெஸ்காம் நிறுவனம் யூனிட்டுக்கு 50 காசு வீதம், மாதம் 50 ரூபாய் வரை கட்டணக் கழிவும் வழங்கி வந்தது. தென்திசை நோக்கிச் சாய்ந்த தகட்டில் சூடான நீர், எந்த இயந்திரமும் இன்றித் தானே மேலேறித் தொட்டியை அடைகிறது. சூரியனிடம் கட்டணச் சீட்டு இல்லை. ஆனால் உப்பு இங்கும் விடுவதில்லை. தட்டை வகையின் மெல்லிய செப்புக் குழாய்களைக் கடின நீர் அடைத்துவிடும். கண்ணாடிக் குழாய் வகை அகன்றது. துலக்குவது எளிது, உடைவதும் எளிது. தொட்டியின் மேல் நிற்கும் காற்றுக்குழாய் அடைபட்டால் தொட்டி நசுங்கவும் நேரும். தகட்டின் தூசியைத் துடைக்கும் நாளிலேயே அதனையும் பார்த்துவிடலாம்.

மாடியிலிருந்து குளியலறைவரை குழாயில் தங்கிய ஆறிய நீர் முதலில் வரும். 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 30 மீட்டர் குழாயில் ஏறத்தாழ 5 லிட்டர் நீர் தங்கும். வெந்நீர் வரும்வரை அதனைச் சாக்கடையில் விடுவது பல வீடுகளின் வழக்கம். ஒரு வாளியை அடியில் வைத்தால் துணி அலசவும் செடிக்கு வார்க்கவும் அந்நீர் போதும்.

சொல்லும் பொருளும்

கொப்பரை – வாயகன்ற பெரிய பாத்திரம்
களிம்பு – செம்பில் படியும் பச்சைநிறக் கறை
அரிமானம் – உலோகம் சிறிது சிறிதாகத் தேய்ந்தழிதல்
நாட்டம் – ஒன்றை நோக்கிய ஈர்ப்பு

பயிற்சி

1. புளியால் கொப்பரை துலக்குவதற்கும் சிட்ரிக் அமிலத்தில் சுருளை ஊறவைப்பதற்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.
2. ஒரு வீட்டுக் கீசரில் வெந்நீர் செந்நிறமாக வருகிறது. உடலின் அடியில் நீர் கசிகிறது. பழுது பார்ப்பதா, மாற்றுவதா? காரணம் காட்டி எழுதுக.
3. 15 லிட்டர் நீரை 20 செல்சியசிலிருந்து 60 செல்சியசுக்கு உயர்த்த எத்தனை யூனிட் செலவாகும்? பாடத்தின் கணக்கைப் பின்பற்றிக் காண்க.
4. பிரித்து எழுதுக: வெந்நீர், நெடுங்காலம், பெருந்தீங்கு.
5. எரிவாயுக் கீசரைக் குளியலறைக்குள் பொருத்த விரும்பும் உறவினருக்கு, அதன் இடரை எடுத்துரைத்து ஒரு கடிதம் எழுதுக.