கற்றூளும் தார்வீதியும்

கருங்கல் உடைக்கும் ஆலையொன்றை அணுகுவோர் கண்ணில் முதலிற் படுவது விலைபோகுஞ் சல்லியன்று. ஒருபுறம் மலைபோற் குவிந்து கிடக்குங் கற்றூளேயாம். பாறையை நொறுக்கிச் சலிக்குந்தோறும் இது பெருகுகின்றது. காற்றடித்தால் அயல் வீடுகளிற் படிகின்றது. மழை பெய்தால் வாய்க்காலைத் தூர்க்கின்றது. இக்கழிவைத் தாரோடு சேர்த்துக் கிராம வீதிகளை மலிவாக அமைக்கலாமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

தார்வீதியின் வரலாற்றிலேயே கழிவுக்கு ஓர் இடமுண்டு. ஸ்கொத்லாந்தரான மக்கடம் (1756–1836) சிறு கற்களைப் பரப்பி, நீர் வடியுமாறு வீதியமைக்கும் முறையை வகுத்தார். மாட்டுவண்டிக்கும் குதிரைவண்டிக்கும் அது போதியதாயிற்று. மோட்டார் வாகனத்தின் விரைவோ கற்களிடை நின்ற தூளைக் கிளப்பி வீதியைக் குலைத்தது. இங்கிலாந்திலே ஹூலி என்னும் வீதி அளவையாளர், டென்பி இரும்பாலைக்கருகே தார்ப்பீப்பாய் உடைந்து சிந்திய இடத்தை உலைக்கசடு கொட்டி மூடியிருந்ததையும், அவ்விடம் மாத்திரம் புழுதியின்றி உறுதியாயிருந்ததையுங் கண்டனர் என்பர். 1902 ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்ற கலவையே ரார்மக் எனப் பெயர்பெற்றது. அக்காலத் தார் நிலக்கரியிலிருந்து பெறப்பட்டது. இன்று நாம் வழக்கிலே தார் என்பது மசகெண்ணெயை வடித்தபின் எஞ்சும் பிற்றுமின்.

கற்றூள் எல்லாம் ஒரே பருமனுடையதன்று. 5 மில்லிமீற்றர்ச் சல்லடையிற் கீழிறங்குவன யாவும் அப்பெயராலேயே வழங்குகின்றன. அவற்றுட் பருமனான பகுதி ஆற்றுமணலுக்கு ஈடாகும்; ஈடாவதன்றி மேம்பட்டதுமாகும். ஆற்றுமணல் உருண்டு தேய்ந்தது. உடைத்த கல்லோ கூர்மூலைகளுடையதாதலின் ஒன்றையொன்று பற்றி நிற்கும். மணலகழ்ந்து ஆற்றுப்படுகைகள் தாழ்ந்துபோன இந்நாட்டில் இது சிறு நன்மையன்று.

இடர் விளைப்பது 0.075 மில்லிமீற்றரினும் நுண்ணிய பொடியே. மாணவர் ஒரு கணக்கைச் செய்து பார்க்க. 1 சதமமீற்றர்ப் பக்கமுள்ள கற்கனத்தின் மேற்பரப்பு 6 சதுர சதமமீற்றர். அதனையே 1 மில்லிமீற்றர்க் கனங்களாக உடைத்தால் 60, 0.075 மில்லிமீற்றர்க் கனங்களாக்கினால் 800. அத்தனை பரப்பையுந் தார் போர்த்தல் வேண்டும். சுடுகலவையில் நிறைப்படி நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பங்குதான் தார். எனினும் செலவிற் பெரும்பகுதியை விழுங்குவது அதுவே. தூள் மலிவென்று அள்ளிக் கொட்டுவோர் ஒன்றில் தாரைக் கூட்டிச் செலவை ஏற்றுவர், அன்றேல் தார் போதாமல் வறண்டு வெடிக்கும் வீதியைத் தருவர். பின்னையதே பெரும்பாலும் நடப்பது; ஒரு மாரிக்குள் அது வெளிப்பட்டுவிடும்.

அளவோடு சேர்த்த பொடியோ கற்களின் இடைவெளிகளை நிரப்பித் தாரையும் இறுக்கமாக்கும். தாரின் நிறைக்கு 0.6 முதல் 1.2 மடங்கு வரை நுண்பொடி என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் எல்லை. இறுக்கியபின் கலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை காற்றிடைவெளி நிற்றல் வேண்டும். முற்றாக நிரம்பிவிட்டால், வெயிலில் உருகிய தார் மேலே கசியும்.

இனி, கல்லின் இனம். வன்னியிலும் தெற்கிலுமுள்ள பாறை குவாட்சு மிகுந்த நைசு வகை. இத்தகைய கல் தாரினும் நீரையே விரும்பும். ஈரம் புகுந்தால் தார் உரிந்து விலகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லோ காரத்தன்மையுடையது. தாரை நன்கு பற்றும். ஆகவே, கருங்கற் சல்லியோடு சுண்ணாம்புக்கற் பொடியைச் சிறிதளவு சேர்த்தல் தக்கது. நீற்றின சுண்ணாம்பாயின் கல்லின் நிறையில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைப் பங்கே அமையும். இதற்கென்று புதுக்குழி தோண்டுதலை நாம் ஒருபோதும் ஆதரியோம். குடாநாட்டின் கிணற்று நீர் தங்குவது அக்கல்லின் வெடிப்புகளிலேதான். 1950 இல் தொடங்கி 1990 இல் நின்ற காங்கேசன்துறைச் சீமெந்தாலைக்காக அகழ்ந்த பள்ளங்களே போதும். முன்னரே உடைத்துக் கழித்தவற்றையே பயன்படுத்துக.

சோதனைகள் அரியனவல்ல, கல்லூரி ஆய்வுகூடத்திலேயே செய்யத்தக்கவை. தூளின்மேல் ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தை விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைத்துப் பொங்கும், நைசு வாளாவிருக்கும். கண்ணாடிப் போத்தலில் தூளையும் நீரையும் இட்டுக் குலுக்கி வைத்தால் மணல் விரைந்து அடியிற் படியும். களிமண் அதன்மேற் கலங்கலாய் நிற்கும். பாறையை மூடியிருந்த மேல்மண் கலந்த கழிவில் இக்கலங்கல் மிகும். நனைந்தாற் பருத்துக் காய்ந்தாற் சுருங்கும் களிமண்ணுக்குத் தார்வீதியில் இடமில்லை; அத்தூளைத் தயங்காது ஒதுக்குக. மூன்றாவதாக, தார் பூசிய கற்களைப் பத்து நிமிடம் நீரிற் கொதிக்கவைத்து, எத்தனை கற்கள் வெளிறின எனக் காண்க. வெளிறியவை பலவாயின் சுண்ணாம்பு சேர்த்து மீளவுஞ் சோதிக்க.

சுண்ணாம்புக்கல்லைப் பொடியாகச் சேர்ப்பதன்றி மேற்படைச் சல்லியாகப் பரப்புதல் ஆகாது. அது சில்லுகளாற் பளபளப்பாகத் தேய்ந்து, முதல் மழையிலேயே வழுக்கும்.