சத்தம் கூடியது, இழுவை கூடவில்லையே!

கேள்வி: என் இசுசூ வி-கிராஸ் டீசல் ஆட்டோமேட்டிக்கில் சைலன்சரை எடுத்துவிட்டு அகலமான குழாய் போட்டேன். உறுமல்தான் மிச்சம், இழுவை கூடவில்லை. கியரும் குலுங்கி விழுகிறது. ஏன்?

பதில்: காதை நம்பினால் இப்படித்தான். டர்போ வண்டியில் புகைக்குப் பெரிய தடையே டர்போவின் சக்கரம்தான். அதைத் தாண்டி, வால்பக்கக் குழாயை மட்டும் அகலப்படுத்தினால் கிடைப்பது சொற்பம். அந்தச் சொற்பமும் வண்டிச் சக்கரத்துக்கு வராது. எவ்வளவு காற்று, எவ்வளவு டீசல் என்று இசியு (எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி) கணக்குப் போட்டு, டார்க்கை (முறுக்குவிசையை) 360 நியூட்டன் மீட்டரில் நிறுத்திவிடும்.

கியர் விஷயம் வேறு. எப்போது மாற்றுவது என்பதை வேகம், ஆக்சிலரேட்டர் அழுத்தம், இசியு சொல்லும் டார்க் மூன்றையும் பார்த்தே கியர்பெட்டி முடிவு செய்கிறது. வெறும் குழாய் அதைக் குழப்பாது. மெக்கானிக் புகை வடிகட்டியையோ அதன் சென்சார்களையோ சேர்த்துக் கழற்றினாரா? அப்படியானால் இசியு பயந்து சக்தியைக் குறைக்கும், கியரும் தடுமாறும். எச்சரிக்கை விளக்கு எரிகிறதா பாருங்கள், ஸ்கேன் செய்யுங்கள். வடிகட்டியை எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியானால் அளவுக்கு மீறிய குழாய் கீழ்வேக இழுவையையே தின்றுவிடும். பெட்டி அடிக்கடி கியரை இறக்கும்.

பழைய சைலன்சரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடவில்லையே? அதையே மாட்டுங்கள்.