காது நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகு

மாசாய், ஜொகூர்

அன்பு மகளே,

கோலாலம்பூரில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் செவியியல் படிக்க உனக்கு இடம் கிடைத்திருப்பதை உன் அம்மா சொன்னாள். 1995-இல் அங்கே தொடங்கிய படிப்பு அது. காதின் அமைப்பு, ஒலியின் அளவு, காது கேட்கும் கருவியைப் பொருத்தும் முறை எல்லாவற்றையும் விரிவுரையாளர்கள் நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் எழுத வந்தது வேறு. பரிசோதனைக்கு வரும் குழந்தையிடம் ஆட்டிசத்தின் அடையாளங்கள் தெரிந்தால், அவற்றைக் கண்டுகொள்ளும் கண் உனக்கு வேண்டும். அதை முதல் ஆண்டிலிருந்தே பழக்கு.

அது குழந்தை மருத்துவரின் வேலையல்லவா என்று கேட்பாய். நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பார். இரண்டு வயதுப் பையன் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சும் வரவில்லை. பாட்டி பின்னால் நின்று கை தட்டிப் பார்க்கிறார், தட்டைக் கீழே போட்டுப் பார்க்கிறார். ஆட்டிசம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. முதல் சந்தேகம் காதின் மேல்தான். தாமான் ரிந்திங்கிலிருந்தோ பாசீர் கூடாங்கிலிருந்தோ அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பிள்ளையை ஜொகூர் பாருவுக்குத் தூக்கிக்கொண்டு போவது காதுப் பரிசோதனைக்காகத்தான். அந்தக் குடும்பம் சந்திக்கும் முதல் நிபுணர் நீயாக இருப்பாய்.

இது மாசாயில் மட்டும் நடப்பதல்ல. 1943-இல் அமெரிக்காவில் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ஆட்டிசத்தை மருத்துவ உலகம் தனியாகப் பார்க்கத் தொடங்கியது. அந்தக் குழந்தைகளிலேயே சிலரைக் காது கேளாதவர்கள் என்று முதலில் நினைத்திருந்தார்கள். ஆட்டிசத்தின் அடையாளங்களைத் தேட இன்று உலகெங்கும் பயன்படும் எம்-சாட் வினாத்தாளின் திருத்திய வடிவில் 20 கேள்விகள் இருக்கின்றன. பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று எப்போதாவது நினைத்ததுண்டா என்று அதன் இரண்டாவது கேள்வியே கேட்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்பது பத்தாவது கேள்வி. நம் அரசாங்க கிளினிக்குகளிலும் 18 மாதத்திலும் 3 வயதிலும் எம்-சாட் கேள்விகளைப் பெற்றோரிடம் கேட்கிறார்கள். குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, அது கேட்கப்பட்டதா என்று முதலில் பார்.

சரி, பரிசோதனை முடிந்தது. செவிப்பறை சரியாக அசைகிறது, உட்காதும் ஒழுங்காக வேலை செய்கிறது. "காது நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க" என்று சொல்ல உனக்கு வாய் வரும். நான் பயப்படுவது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், தாத்தாவும் அஞ்சு வயசுலதான் பேசினாரு என்று உறவுக்காரர்கள் சொல்லி வந்ததை ஆஸ்பத்திரியே உறுதிசெய்ததுபோல் ஆகிவிடும். பாலர் பள்ளி ஆசிரியை ஏதாவது சொல்லும்வரை அவர்கள் வேறு யாரையும் பார்க்க மாட்டார்கள். ஓராண்டு போகும், ஈராண்டும் போகும். பேச்சும் பிறரோடு பழகுவதும் வேகமாக வளரும் வயது அது.

மருத்துவர்களுக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு உனக்கு உண்டு. நீ குழந்தையோடு உட்கார்ந்து, ஒலி கொடுத்து, அது என்ன செய்கிறது என்று காத்திருந்து பார்ப்பாய். ஒலி வந்த பக்கம் திரும்பினால் பொம்மை ஒன்று விளக்கெரிந்து ஆடும் சோதனையைச் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வாய். பெரும்பாலான பிள்ளைகள் பொம்மையைப் பார்த்ததும் அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும், தான் கண்டதை அம்மாவும் காண வேண்டும் என்று. அந்தப் பார்வை வருகிறதா என்று கவனி. செவித்திறன் வரைபடத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் நீயாக எழுதி வை. ஒலி கேட்டதும் கட்டையை வாளிக்குள் போடும் விளையாட்டில், கட்டைகளை நிறவாரியாக வரிசை வைத்து, ஒன்றை நகர்த்தினாலும் அலறும் பிள்ளையைப் பார்ப்பாய். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் கதவின் மேல் வைக்கும் பிள்ளையையும் பார்ப்பாய். இதில் ஏதோ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வராதே. கூச்சமோ பசியோ தூக்கமோகூட ஒரு பிள்ளையை அப்படி ஆக்கிவிடும். பல அடையாளங்கள் சேர்ந்து வரும்போதுதான் அவற்றுக்கு அர்த்தம் உண்டு.

பெயர் சொல்லிக் கூப்பிடும்போது ஒன்றை மறந்துவிடாதே. பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரைச் சொல்லி வீட்டில் யாரும் கூப்பிட்டே இருக்க மாட்டார்கள். அப்பு, பாப்பா, தம்பி என்று ஏதோ ஒன்று இருக்கும். அதை முன்பே அம்மாவிடம் கேட்டுக்கொள். அம்மாவையே, வீட்டில் கூப்பிடும் குரலில் கூப்பிடச் சொல். அதற்கும் திரும்பாத பிள்ளை பிஸ்கட் பாக்கெட் சரசரத்ததும் ஓடி வந்தால் அதையும் குறித்துக்கொள்.

சில ஒலிகளுக்குத் திரும்பாத அதே பிள்ளை தைப்பூசத்தில் உறுமி மேளம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு அழுவதை அம்மா குழப்பத்தோடு சொல்வார். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். ஒலி, தொடுதல் போன்றவற்றுக்கு அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை, 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஹெட்போனைத் தலையில் மாட்டவிடாத பிள்ளையிடம் பிடிவாதம் என்று கோபப்படாதே. ஒரு வாரம் வீட்டில் மாட்டிப் பழகி வரச் சொல்லலாம், ஒலிபெருக்கி வழியாகச் சோதிக்கலாம், மிச்சத்தை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

காதை மட்டும் பார்த்து ஆட்டிசத்தை விட்டுவிடுவதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. ஆட்டிசம் என்று யாரோ சொல்லிவிட்டால், பிறகு காதை யாரும் முழுதாகச் சோதிப்பதில்லை. நடுக்காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவது சின்ன வயதில் சாதாரணம்; அது ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் வரும். அவர்களுடைய எதிர்வினை நாளுக்கு நாள் மாறுவதால், தூங்கும்போது தலையில் மின்முனை ஒட்டிச் செவிநரம்பைச் சோதிக்கும் முறையை விட்டுவிடாதே. செவித்திறன் குறைவும் ஆட்டிசமும் சேர்ந்தும் இருக்கலாம். 2009-10-இல் அமெரிக்காவின் கல்லாடெட் பல்கலைக்கழகம் எடுத்த கணக்கெடுப்பில், செவித்திறன் குறைந்த 8 வயதுப் பிள்ளைகளில் 59 பேரில் ஒருவருக்கு ஆட்டிசமும் இருந்தது. காது கேட்கும் கருவி நன்றாகப் பொருந்தியும் பிள்ளை பழகும் விதத்தில் எதிர்பார்த்த மாற்றம் வரவில்லையா? கருவியின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போகாதே.

ஆட்டிசம் என்று முடிவு சொல்வது உன் பொறுப்பில் இல்லை. கண்டதைச் சொல்லி அடுத்த இடத்துக்கு அனுப்புவது உன் பொறுப்பு. "தம்பிக்குக் காது நல்லா கேக்குதும்மா. கூப்பிட்டா ஏன் திரும்பல, பேச்சு ஏன் வரலன்னு அடுத்து பாக்கணும். குழந்தை மருத்துவருக்குக் கடிதம் தரேன்" என்று பெற்றோரின் மொழியிலேயே சொல். அவர்கள் அழுதால் அழட்டும், அவசரப்படுத்தாதே. வீட்டில் மூன்று மொழி பேசுவதால்தான் இப்படியா, தமிழை விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது. பாட்டியோடு பேசும் மொழியைப் பிள்ளையிடமிருந்து பறிக்கும் ஆலோசனையை நீ ஒருபோதும் தரக் கூடாது.

மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில் காதையும் பேச்சையும் ஒரே பட்டத்தில் சேர்த்துப் படிக்கிறார்கள். உன் பல்கலைக்கழகத்தில் அவை தனித்தனிப் பட்டங்கள். அமெரிக்காவில் லெண்ட் என்ற பயிற்சியில் செவியியல் மாணவர்கள் குழந்தை மருத்துவம், உளவியல், பேச்சுச் சிகிச்சை படிப்பவர்களோடு சேர்ந்து பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அந்தச் சேர்க்கை தானாக உன்னிடம் வராது, நீதான் தேடிப் போக வேண்டும். பேச்சுச் சிகிச்சை படிக்கும் தோழிகளோடு போய் உட்கார். அனுமதி வாங்கி, சிறப்புக் கல்வி வகுப்பில் சில நாள் இரு.

அதற்கு முன், இந்த விடுமுறையில் மாசாயில் ஒரு பாலர் பள்ளிக்குப் போ. ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, பிள்ளைகள் எதைச் சுட்டிக்காட்டுகிறார்கள், யாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள், கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறார்கள் என்று கவனித்து எழுது. இயல்பாக வளரும் பிள்ளையைத் தெரியாதவருக்கு மாற்றம் கண்ணில் படாது. எழுதியதை எனக்கு அனுப்பு, சேர்ந்து பேசுவோம்.

அன்புடன்,
பெரியம்மா