வைஃபை ஏன் திக்குகிறது?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் & தொடர்பியல்)

போன வருஷம் ஆண்டு மலருக்கு ஒரு கவிதை கொடுத்தேன். ஆசிரியர் குழு சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டது. அதனால் இந்த முறை எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கல்லூரிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நாங்கள் நான்கு பேர். ஒரே ஃபைபர் இணைப்பு, ஒரே ரவுட்டர். ஐந்தாம் செமஸ்டரில் அறைத்தோழன் ஒருவனுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. லேப்டாப்பில் சிக்னல் கோடு முழுசா இருக்கு. ஆனால் கேள்வி கேட்பவர் பேச்சு நாலு செகண்டு தள்ளி, விட்டு விட்டு வருகிறது. "சார், கேக்குதா சார்?" என்பதிலேயே பாதி நேரம் போயிற்று. வேலை கிடைக்கவில்லை. அன்றிரவு பார்த்தால், அந்த நேரம் முழுக்க என் போன் டூர் வீடியோக்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அவனிடம் அதைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. "இப்பவாவது சரி பண்ணுடா" என்றான். அப்படித்தான் இந்தப் படிப்பு ஆரம்பித்தது.

முதலில் ஒன்று. வேகம் வேறு, தாமதம் வேறு. ரேஷன் கடையில் ஒருவர் பத்து மூட்டை எடை போட நின்றால், பின்னால் கால் கிலோ சர்க்கரைக்கு நிற்பவரும் காத்திருக்கத்தான் வேண்டும். என் வீடியோ மூட்டை. அவன் குரல் சர்க்கரை. நூறு எம்பிபிஎஸ் பிளான் வாங்கினாலும் அப்லோடு வரிசை நிரம்பிவிட்டால் குரல் பின்னால்தான் நிற்கும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க பிங் போதும். கமாண்ட் விண்டோவைத் திறந்து, பிங் என்று அடித்து, இடம் விட்டு ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்). பதில் சில மில்லிசெகண்டில் சீராக வந்தால் அறைக்குள் காற்று சுத்தம். நூறு, இருநூறு என்று குதித்தால் வைஃபையிலேயே கோளாறு. அடுத்து வெளியே ஒரு தளத்துக்குப் போட்டுப் பாருங்கள். என் போன் அப்லோடு செய்யும்போது எங்கள் வெளி பிங் 12லிருந்து 600க்கு ஏறியது!

ரவுட்டரில் கியூஓஎஸ் வசதி இருந்தால், அப்லோடு அளவை உண்மையில் கிடைப்பதில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் கட்டிவிடுங்கள். வரிசை நம் ரவுட்டரிலேயே நிற்கும், அது குரலை முன்னால் விடும். அந்த வசதி இல்லையா? பேக்கப்பை ராத்திரிக்கு மாற்றுங்கள். காசு செலவில்லை.

எங்கள் அறையில் காற்றும் மோசம்தான். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மட்டுமே ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. அவற்றின் மையம் 2412, 2437, 2462 மெகாஹெர்ட்ஸ்; ஒவ்வொன்றுக்கும் அகலம் சுமார் 20. எங்கள் ரவுட்டர் 4இல் கிடந்தது. அதாவது இரண்டு பக்கத்து வீட்டுச் சண்டையிலும் தலையிடும் ஆள்! கீழே மெஸ்ஸின் மைக்ரோவேவ் அடுப்பும் 2450ஐ ஒட்டியே வேலை செய்கிறது. லேப்டாப்புகளை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினோம். அது சுவரைத் தாண்டத் திணறும் என்பதால், இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்த ரவுட்டரை அலமாரி உச்சிக்கு ஏற்றினோம். சிக்னல் மைனஸ் 78 டிபிஎம்மிலிருந்து மைனஸ் 55க்கு வந்தது.

பிறகு யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பட்டியலைத் திறந்தேன். பதினொன்று. எங்களுடையவை ஏழுதான். கோபத்தில் பாஸ்வேர்டை மாற்றினேன். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றினேன் (அது வேறு, இது வேறு, நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்). டபிள்யூபிஎஸ்ஸை அணைத்தேன். அதன் எட்டு இலக்க எண்ணை இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால் சுமார் 11,000 முயற்சியிலேயே திறந்துவிடலாம் என்பது 2011லேயே வெளிவந்துவிட்டது. மேக் ஃபில்டரை நம்ப வேண்டாம். அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் போலியாகப் போட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் சாயங்காலம் மெஸ் அக்காவின் மகள் நோட்டோடு படியேறி வந்தாள். "அண்ணா, நெட் வரல. டெஸ்ட் இருக்கு." பதினொன்றில் ஒன்று அவளுடைய டேப்லெட். எங்களில் ஒருவன்தான் பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கெஸ்ட் நெட்வொர்க் ஒன்று போட்டேன்: தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு, 5 எம்பிபிஎஸ் அளவு, எங்கள் லேப்டாப்புகள் அதற்குத் தெரியாது. அவள் பாடத்துக்கு அது தாராளம். மீதி மூன்றில் இரண்டு அடுத்த அறைக்காரர்களுடையவை. கடைசி ஒன்று யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை, திரும்ப வரவுமில்லை.

போன மாதம் தோழனுக்கு இன்னொரு இன்டர்வியூ. இத்தனையும் செய்து முடித்து, பெருமையாக "உட்காருடா" என்றேன். அவன் லேபிலிருந்து இரவல் வாங்கிய ஐந்து மீட்டர் லேன் கேபிளை எடுத்து ரவுட்டரில் நேராகச் செருகினான். ரவுட்டருக்கு பிங் 1. நான் ஒன்றும் பேசவில்லை. என் போனை மட்டும் அணைத்து வைத்தேன்.