நண்பன் தந்த கிராஃபிக்ஸ் கார்டு: மாட்டும் முன் கவனியுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "பிறகு இதை அப்கிரேட் செய்ய முடியுமா?" என்பது. கேம்ஸ் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் கேள்வி சற்று மாறி வரும். "இவன் நண்பன் புது கார்டு வாங்கிவிட்டானாம். பழையதைத் தருகிறேன் என்கிறான். நம் கம்ப்யூட்டரில் மாட்டலாமா சார்?" பெரும்பாலும் மாட்டலாம். ஆனால் மாட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் விட்டால் கார்டு மட்டுமல்ல, உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள குடும்பப் படங்களும் போகலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

சென்னையில் நான் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வைத்து கேம்ஸ் விளையாடும் பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவன் கல்லூரி இரண்டாம் ஆண்டு. கடைசிப் பெண் ஒன்பதாம் வகுப்பு. மூத்தவன் பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தில் ரிச்சி தெருவில் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு வாங்கி வந்தான். அவனிடம் இருந்த ஜி.டி.எக்ஸ். 1060 அடுத்த வீட்டுப் பையனுக்குப் போனது. அந்தப் பையனின் ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கீழ்த் தளத்துப் பெண்ணுக்குப் போனது. வாங்கியது ஒரு கார்டு. வேகம் கூடியது மூன்று வீடுகளில். இந்தப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர்களைத் திறந்து மூடுவதில் நானும் கூட இருந்திருக்கிறேன் என்பதால் அந்த அனுபவத்தையே இங்கே பாடமாகத் தருகிறேன்.

இப்படிக் கை மாற்றிக்கொள்ள முடிவதற்குக் காரணம், கம்ப்யூட்டரின் பாகங்கள் பொது அளவுகளில் வருவதுதான். 1995-ல் இண்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறை, மதர்போர்டின் அளவு, ஸ்குரூ துளைகள் இருக்கும் இடம், பவர் சப்ளையின் அளவு ஆகியவற்றை வரையறுத்தது. அதனால்தான் ஒரு கம்பெனியின் கேபினட்டில் இன்னொரு கம்பெனியின் மதர்போர்டு பொருந்துகிறது. கிராஃபிக்ஸ் கார்டுக்கான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும் அப்படியே. 2010-ல் வந்த மூன்றாம் பதிப்பு ஸ்லாட்டில் 2017-ல் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்புக் கார்டு வேலை செய்யும். இரண்டில் குறைந்த பதிப்பின் வேகத்தில் ஓடும். ஆனால் பெரிய கம்பெனிகள் அலுவலகங்களுக்காக விற்கும் சிறிய டெஸ்க்டாப்களில் பவர் சப்ளையும் மதர்போர்டும் சொந்த அளவில் இருப்பதுண்டு. உங்களுடையது அந்த வகை என்றால் கேபினட்டைத் திறந்து பார்க்காமல் யாரிடமும் எதையும் வாங்க வேண்டாம்.

எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா?

கார்டு கிடைத்ததும் எல்லோரும் ஸ்லாட்டைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பவர் சப்ளையை. கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட்டின் வழியாக அதிகபட்சம் 75 வாட்ஸ் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும். 6 பின் கனெக்டர் இன்னொரு 75 வாட்ஸ் தரும். 8 பின் கனெக்டர் 150 வாட்ஸ் தரும். 1050 டி.ஐ. 75 வாட்ஸுக்குள் அடங்கும் கார்டு என்பதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி வயரே தேவையில்லை. 1060-க்கு 120 வாட்ஸ் வேண்டும். 3060-க்கு 170 வாட்ஸ் வேண்டும். நண்பன் 3060 தருகிறான், உங்கள் கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்ஸில் 8 பின் வயரே இல்லை என்றால், ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து மாற்றித் தரும் அடாப்டர் வாங்கி ஒப்பேற்ற நினைக்காதீர்கள். அந்த வயர் அத்தனை கரண்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல, சூடேறி உருகும். முதலில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள். கார்டு அதற்குப் பிறகுதான்.

இப்போது முன்னால் சொன்ன படங்களின் கதை. சில எஸ்.எம்.பி.எஸ்களில் வயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். இவற்றை மாடுலர் என்பார்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருவனுக்குப் புது எஸ்.எஸ்.டி. மாட்ட ஒரு வயர் குறைந்தது. நண்பன் வீட்டில் இன்னொரு எஸ்.எம்.பி.எஸ்ஸின் உபரி வயர் இருந்தது. இரண்டு பக்கமும் அச்சாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டான். எஸ்.எஸ்.டி.யும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் அந்த நொடியே போய்விட்டன. ஹார்ட் டிஸ்க்கில் அவன் தாத்தா இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை.

நடந்தது இதுதான். டிரைவில் சொருகும் முனைதான் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொது. எஸ்.எம்.பி.எஸ்ஸில் சொருகும் முனைக்குப் பொது விதி எதுவும் இல்லை. 12 வோல்ட் எந்தத் துளையில், 5 வோல்ட் எந்தத் துளையில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே மாறுவதும் உண்டு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிரைவ் தாங்காது. ஆகவே எதைப் பகிர்ந்துகொண்டாலும் மாடுலர் வயர்களை மட்டும் பகிர்ந்துகொள்ளாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். கை மாறினால் அதன் வயர்கள் அனைத்தும் அதே பையில் கூடவே போக வேண்டும். இப்போது எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வயரிலும் எந்த எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு உரியது என்று துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறது.

பிராசஸர் மாற்றுவது

கார்டை மாற்றுவதை விட இது நுணுக்கமான வேலை. சாக்கெட் ஒன்றாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. இண்டெல்லின் எல்.ஜி.ஏ. 1151 சாக்கெட் 2015-ல் வந்தது. 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறை பிராசஸர்களுக்கும் அதே பெயர் கொண்ட சாக்கெட்தான். ஆனால் பழைய 100, 200 வரிசை மதர்போர்டுகளில் அவை வேலை செய்யாது. கடைக்காரர் "அதே சாக்கெட் சார்" என்று சொல்வதில் பொய் இல்லை, பயனும் இல்லை.

இந்த விஷயத்தில் கை மாற்றிக்கொள்பவர்களுக்கு ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் நல்ல வரம். 2017-ல் முதல் ரைசன் பிராசஸரோடு வாங்கிய பி350 போர்டு பலவற்றில் 2022-க்குப் பிறகு 5000 வரிசை ரைசனை மாட்ட முடிந்தது. போர்டைத் தயாரித்த கம்பெனி அதற்கான புதிய பயாஸ் வெளியிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். வரிசை முக்கியம். பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட்டு, பிறகு புதியதை மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் திரையில் எதுவுமே வராது. பயாஸ் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டு முடங்கிப்போகலாம் என்பதால் யு.பி.எஸ்ஸில் போட்டே செய்யுங்கள்.

ஏ.எம்.4 பிராசஸரில் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும். மேலே உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து கூலரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், சாக்கெட் பூட்டியிருக்கும்போதே பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கம்ப்யூட்டரில் கேம் ஓடவிடுங்கள். பேஸ்ட் சூட்டில் இளகும். பிறகு ஷட் டவுன் செய்து பிளக்கைப் பிடுங்கி, கூலரின் பிடிகளைத் தளர்த்தி, அதை இடமும் வலமும் மெல்லத் திருகுங்கள். தானாக விட்டுவிடும். சமீபத்திய இண்டெல் போர்டுகளிலும் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 போர்டுகளிலும் பின்கள் போர்டில் இருக்கும். அந்தப் போர்டைக் கொடுக்கும்போது, சாக்கெட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியையும் போட்டுக் கொடுங்கள்.

ராம்

2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை கடுமையாக ஏறியதிலிருந்து, டிராயரில் தூங்கிக்கொண்டிருந்த பழைய ராம்களுக்கு மதிப்பு வந்துவிட்டது. டி.டி.ஆர்.4 போர்டில் டி.டி.ஆர்.5 ராம் ஏறாது. இரண்டிலும் 288 பின்கள்தான். நடுவில் உள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். வெட்டு பொருந்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

கீழ்த் தளத்துப் பெண்ணிடம் கார்டு வருவதற்கு முன் ரைசன் 5 5600ஜி பிராசஸரும் ஒரே ஒரு 8 ஜி.பி. ராமும்தான் இருந்தன. இந்த பிராசஸரின் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது. அதற்குத் தனி மெமரி கிடையாது, ராமையே பயன்படுத்தும். மூத்தவன் தன்னிடம் சும்மா கிடந்த இன்னொரு 8 ஜி.பி. ராமைத் தந்தான். இரண்டும் சேர்ந்து இரட்டைச் சேனலில் ஓடத் தொடங்கியதும், திக்கித் திணறிக்கொண்டிருந்த கேம் ஒழுங்காக ஓடியது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி, பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். கம்பெனி வேறாக இருந்தால் இரண்டும் குறைந்த ராமின் வேகத்தில் ஓடும். பழைய ராமை மாட்டிய அன்று இரவு மெம்டெஸ்ட்86 என்ற இலவச புரோகிராமை யு.எஸ்.பி. டிரைவில் போட்டு ஓடவிடுங்கள். காலையில் ஒரு பிழை காட்டினாலும் ராமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நண்பர்களுக்குள் ஒரே வகைப் பாகங்கள் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒருவன் கம்ப்யூட்டர் திரை வராமல் நின்றால், நண்பனின் நல்ல ராமை மாட்டிப் பார்க்கலாம், அடுத்து கார்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் கோளாறு எதில் என்று தெரியும். சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல் என்றால் மட்டும் நண்பனின் நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸை வாங்கி வந்து முதலில் அதை மாற்றுங்கள். சந்தேகப்படும் எஸ்.எம்.பி.எஸ்ஸில் நண்பனின் கார்டை மாட்டுவது நட்புக்கு நல்லதல்ல. கேபினட்டின் உலோகத்தைத் தொட்டால் சுருக்கென்று உறைத்தால் வீட்டு பிளக்கில் எர்த் சரியில்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்ட பிறகே மற்ற வேலை.

கொடுப்பவர் செய்ய வேண்டியது

டிரைவைக் கொடுக்கிறீர்கள் என்றால் ஃபைல்களை டெலீட் செய்தால் மட்டும் போதாது. அவற்றை மீட்டெடுக்க எத்தனையோ புரோகிராம்கள் உண்டு. ஹார்ட் டிஸ்க் என்றால் குயிக் ஃபார்மேட் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்யுங்கள். பல மணி நேரம் ஆகும், பரவாயில்லை. எஸ்.எஸ்.டி.க்கு அதன் கம்பெனி தரும் புரோகிராமிலோ பயாஸிலோ செக்யூர் இரேஸ் என்ற வசதி இருக்கும்.

டிரைவை நீங்களே வைத்துக்கொண்டு மதர்போர்டை மாற்றுபவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்தால், பல கம்ப்யூட்டர்களில் டிரைவ் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. போர்டை மாற்றி ஆன் செய்ததும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகும் கேட்கலாம். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் இருக்கும். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே எடுத்து ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். எண் இல்லையென்றால் உள்ளே உள்ளது எதுவும் கிடைக்காது. கம்ப்யூட்டரோடு வந்த ஓ.இ.எம். விண்டோஸ் லைசென்ஸ் பழைய போர்டோடு முடிந்துவிடும். தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸைப் புதிய போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கார்டைக் கொடுப்பவர் அதன் வயதையும் சொல்லிவிட வேண்டும். ஜி.டி.எக்ஸ். 900, 1000 வரிசைகளுக்குப் புது கேம்ஸுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்தியது. அதன் பிறகு அந்தக் கார்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட்கள் மட்டும்தான். கீழ்த் தளத்துப் பெண் விளையாடும் பழைய கேம்ஸுக்கு 1050 டி.ஐ. இன்னும் போதும். இந்த ஆண்டு வரும் கேமுக்காக அதை ஒருவர் காசு கொடுத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

காசு என்றதும் கேட்பீர்கள். எங்கள் பிள்ளைகள் தங்களுக்குள் வைத்திருக்கும் கணக்கு இது: பழைய சாமான் கடையில் அந்தக் கார்டு என்ன விலைக்குப் போகுமோ அதில் பாதி. முதல் மூன்று நாள் சோதனை. வாரண்டி மிச்சமிருந்தால் ஒரிஜினல் பில்லும் கார்டோடு போக வேண்டும்; கார்டில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரைக் கிழிக்கக் கூடாது. மூன்று நாளில் கோளாறு வந்தால் காசு வாபஸ். நான்காம் நாள் வந்தால் இருவரும் கார்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.