வலிக்காத கட்டி

கழுத்தில் ஒரு சிறு கட்டி. தொட்டால் வலி இல்லை, காய்ச்சலும் இல்லை. "வலிக்கவில்லையே, தானே கரைந்துவிடும்" என்று வீட்டில் பற்றுப் போட்டு விட்டுவிடுவார்கள். வலிக்கும் சீழ்க்கட்டி என்றால் மட்டும் அன்றே மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். மாணவர்களே, இந்த வழக்கம் சரிதானா?

கட்டியில் அழற்சி தோன்றி, அங்கே சுரக்கும் வேதிப்பொருள்கள் நரம்பு நுனிகளைத் தூண்டினால் வலிக்கும். திசு விரைவாக இழுபட்டாலும் வலிக்கும். மெல்ல வளரும் கட்டியோ பக்கத்துத் திசுக்களை நிதானமாக ஒதுக்கி இடம் பிடிக்கிறது. நரம்புகளுக்குச் சேதி எட்டுவதில்லை. கண்டமாலை என்று நம் முன்னோர் அழைத்த கழுத்துக் கட்டி, பெரும்பாலும் காசநோய்க் கிருமி நிணநீர்க் கணுக்களில் தங்குவதால் வருவது. தொடக்கத்தில் அது வலிப்பதில்லை. (பொதுவாக 6 மாதச் சிகிச்சையில் குணமாகும்; அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.) புற்றுக் கட்டிகள் பலவும் இப்படித்தான்.

அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் வயதில் காணும் கழுத்துக் கட்டிகளில் பெரும்பாலானவை தொண்டைப்புண், சொத்தைப்பல் முதலியவற்றால் வீங்கிய கணுக்களே. ஆனால் எது எந்த வகை என்பதை விரலால் தடவி முடிவு செய்ய இயலாது. இங்கே இயற்பியல் கைகொடுக்கிறது.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் கருவியைப் பார்த்திருப்பீர்கள். அது கடலுக்குள் ஒலியை அனுப்பி, மீன் கூட்டத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுகிறது. மருத்துவமனை ஸ்கேன் கருவியின் தத்துவமும் அதுவே. உடல் திசுவில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1540 மீட்டர். தோலுக்கு 2 செ.மீ. கீழே உள்ள கட்டிக்குப் போய்த் திரும்ப 4 செ.மீ. தூரம், ஆகும் நேரம் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 26 பங்கு!

ஒரு வேறுபாடு உண்டு. படகுக் கருவி வினாடிக்கு 50,000 அதிர்வுகளை அனுப்பினால் அலைநீளம் 3 செ.மீ. அதைக் கொண்டு சுண்டைக்காய் அளவுக் கட்டியைக் காண்பது எப்படி? ஆகவே ஸ்கேனில் 75 லட்சம் அளவிலான அதிர்வுகளைப் பயன்படுத்துகிறார்கள்; அலைநீளம் 0.2 மி.மீ. ஆகிவிடுகிறது. நீர் நிறைந்த கட்டிக்குள் எதிரொலி எழாததால் அது திரையில் கறுப்பாகத் தெரியும். திடக்கட்டி சாம்பல் நிறமாகத் தெரியும். அதில் உள்ள செல்கள் எத்தகையவை என்பதை ஒலி சொல்லாது. கழுத்துக் கட்டியானால் மெல்லிய ஊசியால் சிறிது செல்லை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்பது வீண் பயம்.

எப்போது போவது? இரண்டு வாரத்தில் வடியாத கட்டி, வளர்ந்துகொண்டே வரும் கட்டி, கல்போல் கெட்டியாக அசையாமல் இருக்கும் கட்டி இவற்றைக் காட்டியாக வேண்டும். கழுத்துப்பட்டை எலும்புக்கு மேல் தோன்றினாலோ, எடை குறைந்தாலோ, இரவில் உடை நனைய வியர்த்தாலோ இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது. மார்பிலோ விரையிலோ கட்டி தட்டுப்பட்டால் வெட்கத்தால் மறைப்பவர்களே அதிகம். அம்மாவிடமோ அப்பாவிடமோ அன்றே சொல்லுங்கள். விரையில் திடீரென்று கடும் வலி வந்தால் அது வேறு கதை. நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். மேல் பரிசோதனைக்குக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக உள்ள மருத்துவமனையும் இருக்கின்றன.