கெட்டிஸ்பர்க்கில் இருட்டிய பின் பேய் தேட அனுமதி: பயனுள்ள குறிப்புகள்

1863 ஜூலை 1 முதல் 3 வரை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் ஊரைச் சுற்றி, உள்நாட்டுப் போரில் வடக்குப் படையும் தெற்குப் படையும் மோதிய சண்டையில், செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் என்று இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 51,000 பேர். அந்த நாட்டில் பேய்க்கதைக்குப் பேர்போன இடங்களைச் சொல்லச் சொன்னால் இந்த ஊரைத்தான் முதலில் சொல்வார்கள். நியூஜெர்சி, மேரிலாண்ட், வர்ஜீனியா பக்கம் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் வார இறுதியில் ரெக்கார்டரும் டார்ச்சுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். போவதில் தப்பே இல்லை. ஆனால் யாருடைய மண், எந்த நேரம், யாரிடம் கேட்க வேண்டும் என்ற மூன்றும் தெரியாமல் போகக்கூடாது. அங்கே செத்தவர்களில் பலருக்கு இன்றுவரை பெயர்கூடக் கிடைக்கவில்லை.

1. முதல் வேலை, மண் யாருடையது என்று பார்ப்பது. போர்க்களத்தில் ஏறக்குறைய 6,000 ஏக்கர் மத்திய அரசின் தேசியப் பூங்காத் துறை வசம் இருக்கிறது. நடுநடுவே தனியார் வீடு, பண்ணை, கல்லூரி, ஊராட்சி நிலம் எல்லாம் உண்டு. பேய்க்கதையில் அடிக்கடி வரும் சாக்ஸ் மூடுபாலம் பூங்கா எல்லைக்கு வெளியே இருக்கிறது; 1996 வெள்ளம் அதைத் தூக்கிப் போட்டு, 1997இல் திரும்ப நிறுத்தினார்கள். ஒருவர் கொடுத்த அனுமதி பக்கத்து வேலிக்குச் செல்லாது. பூங்காவின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி யார் எல்லைக்குள் விழுகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும்.

2. பூங்கா திறக்கும், மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறியிருக்கிறது. பழைய பயணக் கட்டுரையில் படித்த நேரத்தை நம்பாமல், போகிற வாரமே அதிகாரபூர்வ வலைத்தளத்தில் பாருங்கள். மூடும் நேரம் என்றால் அதற்குள் உங்கள் வண்டி பூங்காச் சாலையை விட்டு வெளியேறியிருக்க வேண்டும் என்று அர்த்தம். ராணுவ வீரர் கல்லறைத் தோட்டத்துக்குத் தனி நேரம் உண்டு. பொழுது சாயும்போதே அதைப் பூட்டிவிடுவார்கள்.

3. இந்தக் குறிப்பை மட்டும் கூட வருகிற எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கெட்டிஸ்பர்க்கில் மான் தொகையைக் கட்டுப்படுத்தும் திட்டம் 1990களிலிருந்து நடக்கிறது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை, பூங்கா மூடிய நேரத்தில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் துப்பாக்கியால் மான்களைச் சுடுகிறார்கள். இறைச்சி ஏழைகளுக்கு உணவு வழங்கும் அமைப்புகளுக்குப் போகிறது. அந்த இருட்டில், அனுமதி இல்லாமல், புதருக்குள் குனிந்து உட்கார்ந்து ஆவியின் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது உயிரோடு விளையாடுகிற வேலை. மூடிய நேரத்தில் வராதே என்று துறை சொல்வதற்குப் பின்னால் இப்படியும் காரணம் இருக்கிறது.

4. மூடிய நேரத்தில் நிற்க வேண்டுமானால் வாய்மொழி அனுமதி போதாது. வரவேற்பு மேசையில் இருப்பவர் சிரித்த முகத்தோடு சரி என்று தலையாட்டினாலும் அது அனுமதி ஆகாது. தேசியப் பூங்காக்களில் இதற்கு ‘சிறப்புப் பயன்பாட்டு பெர்மிட்’ என்று ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தில் யார், எத்தனை பேர், எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, என்னென்ன கருவி, எத்தனை வண்டி என்று கேட்பார்கள். விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது. கூட நிற்க ரேஞ்சர் (பூங்காக் காவலர்) ஒருவரை அனுப்ப வேண்டியிருந்தால் அவருடைய மணிக்கணக்குக்கும் உங்களிடம் வசூலிக்கலாம். பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும் கேட்கலாம். பல வாரம் முன்னதாக அனுப்புங்கள். ஜூலை முதல் வாரத்தை மறந்துவிடுங்கள். போரின் நினைவு நாட்கள் என்பதால் அந்த அலுவலகத்துக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

5. விண்ணப்பத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சிறப்பு நிகழ்ச்சிகளுக்கான விதி, அந்த நிகழ்ச்சிக்கும் அந்த இடத்துக்கும் பொருளுள்ள தொடர்பு இருக்க வேண்டும், அதனால் மக்களுக்கு அந்த இடத்தின் சிறப்பு இன்னும் விளங்க வேண்டும் என்கிறது. நினைவிடத்தின் அமைதிக்குப் பங்கம் வரும் என்று கண்காணிப்பாளருக்குத் தோன்றினால் மறுக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. ஆகவே “பேய் பிடிக்க வருகிறோம்” என்று ஒற்றை வரி எழுதினால் பதில் என்னவாக இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதற்காக நோக்கத்தை மறைத்து, நட்சத்திரம் பார்க்க வருகிறோம் என்று பொய் எழுதுவதையும் நான் ஒப்பமாட்டேன். பெர்மிட்டில் எழுதாத வேலையைச் செய்து பிடிபட்டால் பெர்மிட்டே செல்லாது, அடுத்து கேட்பவருக்கும் கதவு அடைபடும். உள்ளதை உள்ளபடி, அளவோடு எழுதலாம். இந்த மாதிரி:

“நாங்கள் ஐந்து பேர். ஐவர்சன் குழிகள் என்றழைக்கப்படும் வயல்வெளியின் ஓரத்தில், நடைபாதையை விட்டு இறங்காமல், மாலை இத்தனை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் நிற்க விரும்புகிறோம். 1863 ஜூலை 1இல் அங்கே மடிந்த வட கரோலினாப் படையினரைப் பற்றிய ஊர்க்கதைகளை அந்த இடத்திலேயே பேசி ஒலிப்பதிவு செய்வோம். சிவப்பு விளக்கு டார்ச் இரண்டு, கையடக்க ரெக்கார்டர் ஒன்று. வேறு கருவி இல்லை. தோண்டவோ எதையும் எடுக்கவோ மாட்டோம்.”

இதில் ஐவர்சன் குழிகள் என்று வரும் இடத்தில், வரைபடத்தில் இருக்கிற சரியான பெயரை அப்படியே ஆங்கிலத்தில் எழுதுங்கள். இடத்தைக் குத்துமதிப்பாகச் சொல்கிற விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். இவ்வளவு செய்தும் மறுக்கலாம். மூடிய நேரத்தில் பேய் தேட இடம் கேட்பவர்கள், மறுப்பு வரும் என்று மனதைத் தயார்செய்துகொண்டே கேட்பது நல்லது.

6. பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கொட்டிப் பாருங்கள். தேசியப் பூங்காக்களில் மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: அதே விதியில் காந்தமானியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பேய் தேடுபவர்கள் கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு எரியும் மின்காந்த மீட்டரும் காந்தப் புலத்தைத்தான் அளக்கிறது. ஒரு ரேஞ்சர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று அங்கே நின்று வாதாடுவதைவிட, கருவியின் மாடலைக் குறிப்பிட்டு முன்கூட்டியே மெயிலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் பேச்சே வேண்டாம். 2014லிருந்து தேசியப் பூங்காக்களில் தடை.

7. ஆவிகளோடு பேச ரேடியோ அலைவரிசைகளைக் கரகரவென்று தாவிக்கொண்டே இருக்கும் பெட்டியை வைப்பவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டும் சத்தம் பூங்கா விதிப்படி குற்றம்.

8. மண்ணைக் கிளறக்கூடாது, குண்டு, பொத்தான், எலும்பு எது கண்ணில் பட்டாலும் தொடக்கூடாது. 1996இல், களத்தில் ரயில்பாதைக்காக வெட்டிய பள்ளத்தின் அருகே, மழை அரித்த மண்ணில் ஒரு பார்வையாளர் கண்ணில் எலும்பு பட்டது. 133 ஆண்டுகள் அங்கேயே கிடந்த ஒரு வீரனுடையது. எந்தப் பக்கத்துக்காரன் என்று தெரியாமலேயே, 1997 ஜூலை 1இல் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் 3,500க்கும் மேற்பட்ட வடக்கு வீரர்களில் 979 பேருக்குப் பெயர் இல்லை. தெற்குப் படையினர் களத்திலேயே ஆழமில்லாத குழிகளில் புதைக்கப்பட்டு, 1870களில்தான் பெரும்பாலோர் எடுக்கப்பட்டுத் தெற்கே கொண்டுபோகப்பட்டார்கள். எல்லோரையும் எடுத்துவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் செருப்புக்கு அடியில் யாரோ ஒரு தாயின் பிள்ளை இருக்கக்கூடும். 1979ஆம் ஆண்டுத் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் தடவைக்கே சிறைத் தண்டனை உண்டு என்பது எனக்கு இதற்கு அடுத்த காரணம்தான்.

9. இரவில் நின்றே ஆகவேண்டும் என்கிறவர்களுக்கு நேர்வழி, ஊருக்குள் இருக்கும் தனியார் கட்டடங்கள். சண்டையில் நேரடியாகக் குண்டு பட்டு இறந்த ஒரே ஊர்வாசி, இருபது வயது ஜென்னி வேட். ஜூலை 3 காலையில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கதவைத் துளைத்து வந்த குண்டு அவள்மேல் பாய்ந்தது. அந்த வீடு இப்போது தனியார் அருங்காட்சியகம். அங்கேயும் ஃபார்ன்ஸ்வொர்த் விடுதி போன்ற பழைய கட்டடங்களிலும் பணம் கட்டி, முன்பதிவு செய்து, சட்டப்படி உள்ளே போகலாம். பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை: எத்தனை மணி வரை, வேறு குழுவும் கூட வருமா, குழந்தைகளை அழைத்து வரலாமா, மழை வந்தால் பணம் என்னவாகும். இந்த ஊரில் நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

10. “ராத்திரி களத்துக்குள்ளேயே கூட்டிப் போகிறோம்” என்று யாராவது கட்டணம் கேட்டால், பூங்காத் துறை கொடுத்த வணிக அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் அவர்களோடு சேர்த்து உங்களுக்கும் அபராதச் சீட்டு கிழிக்கப்படும். முன்னாள் ரேஞ்சர் மார்க் நெஸ்பிட் 1990களில் தொடங்கிய பேய்ச் சுற்றுலாவுக்கே ஊர்த் தெருக்கள்தான் களம்.

11. வீடியோ எடுப்பவர்களுக்கு: 2025 ஜனவரியில் வந்த சட்டப்படி, ஐந்து பேர் வரையிலான குழு, பொதுமக்களுக்குத் திறந்த இடத்தில், திறந்த நேரத்தில், கையில் கேமராவோடு படமெடுக்கப் பெர்மிட் வேண்டாம். திறந்த நேரத்தில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

12. கெட்டிஸ்பர்க் களத்தில் இருக்கும் டெவில்ஸ் டென் பாறைகளுக்கிடையில் கேமரா நின்றுவிடும், பேட்டரி தீர்ந்துவிடும் என்று ஒரு கதை உண்டு. 1863 ஜூலையில் புகைப்படக்காரர் அலெக்சாண்டர் கார்ட்னர் ஒரு வீரனின் உடலை வேறிடத்திலிருந்து தூக்கி வந்து, பாறைகளுக்கு நடுவே இருந்த கல் அரணுக்குப் பின்னால் துப்பாக்கியோடு கிடத்திப் படமெடுத்தார். அந்தக் கோபத்தில்தான் ஆவி கேமராவைக் கெடுக்கிறது என்பார்கள். உடல் நகர்த்தப்பட்டது உண்மை. பின்னாளில் வில்லியம் ஃப்ராசனிட்டோ பாறைகளையும் படங்களையும் ஒப்பிட்டு அதை நிறுவினார். இந்தக் கதையை அங்கே போய் உணர இருட்டு தேவையில்லை. மாலை வெயில் சாயும் நேரத்தில், படத்தின் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கல் அரணைத் தேடிக் கண்டுபிடித்துப் பாருங்கள். எந்தக் கருவியும் காட்டாத ஒன்று அங்கே மனதுக்குள் நடக்கும்.

13. விசாவில் இருப்பவர்கள் கவனத்துக்கு: மூடிய நேரத்தில் பிடிபட்டால் வருவது சாதாரண பார்க்கிங் சீட்டு போன்றதல்ல. மத்திய அரசு நிலத்தில் நடந்த குற்றம். அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, 5,000 டாலர் வரை அபராதம் என்பது விதி. பெரும்பாலும் அபராதத்தோடு முடியலாம். ஆனால் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் இப்படிச் சீட்டு வாங்கியதுண்டா என்று கேட்பார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் அந்த நேரத்தில் வண்டியில் உட்கார வைத்திருக்காதீர்கள்.

14. கெட்டிஸ்பர்க் கைகூடாவிட்டால் வேறு களங்களைப் பாருங்கள். மேரிலாண்டில் ஆன்டீட்டம் களத்தில், 1862 செப்டம்பர் 17இன் ஒரே நாளில் விழுந்த 23,000 பேருக்காக ஆண்டுதோறும் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை 23,000 விளக்குகள் ஏற்றுகிறார்கள். வரிசையில் நின்று, பார்க்கிங் விளக்கு மட்டும் எரிய, வண்டியிலிருந்து இறங்காமல் பார்த்துவரலாம். இருட்டிய போர்க்களத்தில் பொதுமக்களை முறையாக உள்ளே விடுகிற நாள் அது. இங்கிலாந்தில் எட்ஜ்ஹில் களத்துக்குப் பேய்ச் சரித்திரமே உண்டு: 1642 அக்டோபர் 23 போர் முடிந்து சில மாதங்களில் வானத்தில் படைகள் மோதுவதாக ஊரார் சொல்ல, அரசர் முதலாம் சார்லஸ் ஆள் அனுப்பி விசாரித்தார். ஆனால் களத்தின் பெரும்பகுதி இன்று ராணுவ வெடிமருந்துக் கிடங்கு. பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் வேலி தாண்ட முடியாது. ஸ்காட்லாந்தின் கலோடன் போர்க்களம் இதற்கு நேர்மாறு. 2003ஆம் ஆண்டு நிலச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்கிறவருக்கு இரவிலும் கால்நடையாகப் போக உரிமை தருகிறது. அங்கும் குலக் கல்லறைகள்மேல் ஏறக்கூடாது, மெட்டல் டிடெக்டர் கூடாது.

15. பெர்மிட் கிடைத்துவிட்டால் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வண்டியின் முன்கண்ணாடியில் வெளியே தெரியும்படி, ஒன்று சட்டைப் பையில். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பெர்மிட்டில் குறித்த எண்ணுக்குச் சொல்லுங்கள். ரேஞ்சர் விளக்கடித்தால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், கைகள் தெரியட்டும், கேட்ட பிறகு காகிதத்தை எடுங்கள். கொடுத்த நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். மறுநாள் அந்த அலுவலகத்துக்கு நன்றி சொல்லி, எத்தனை பேர் வந்தோம், எப்போது வெளியேறினோம், ஏதாவது உடைந்தோ கிடந்தோ இருந்ததா என்று நாலு வரி மெயில் அனுப்புங்கள். அடுத்த விண்ணப்பத்தில் அந்த மெயிலின் தேதியையும் பழைய பெர்மிட் எண்ணையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.